ஊர் கூடி இழுத்த தேர்

தேர் தானாக ஓடுவதில்லை. ஊர் கூடி வடம் பிடித்தால்தான் அது இருப்பை விட்டு அசையும். முதியவர் பிடித்த வடத்தை இளையவரும் பிடித்தல் வேண்டும்; இன்று தந்தையின் தோளிலிருந்து தேர் பார்க்கும் குழந்தை நாளை வடத்தின் முன்னே நிற்றல் வேண்டும். ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறும் இத்தகையதே. ஏட்டில் எழுதிப் பெட்டியிற் பூட்டி வைத்த வரலாற்றைக் கறையான் தின்னும். ஆட்சியாளரின் தயவில் ஒப்படைத்த வரலாற்றை ஆட்சி மாற்றம் தின்னும். மக்கள் தம் கையாலேயே வீதிக்குக் கொணர்ந்து, பிள்ளைகளின் கண் முன் ஆண்டுதோறும் நடத்திக் காட்டும் வரலாறே நின்று நிலைக்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்களிலே கறுப்பின மக்கள் தமது வரலாற்றையும் பண்பாட்டையும் போற்றி எடுக்கும் குடும்ப விழாக்கள் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றன. பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரே பாயில் அமர்ந்து உண்டு, பாடி, ஆடி, கதை கேட்டுக் கலையும் விழாக்கள் அவை. அவற்றை வெறும் களியாட்டம் என்று எண்ணுவோர் உளர். அவற்றிலே நாட்டைப் பிளக்கும் நஞ்சு கலந்திருப்பதாகக் கூறுவோரும் இன்று பெருகி வருகின்றனர். இரு சாராரும் அவ்விழாக்களின் பிறப்பையும் வளர்ப்பையும் அறியாதவர்கள் என்பதே எமது துணிபு.

1863 ஜனவரி 1 ஆம் நாள் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். உள்நாட்டுப் போரில் மத்திய அரசை எதிர்த்து நின்ற மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்தோர் யாவரும் சுதந்திர மனிதர் என்று அது கூறிற்று. ஆனால், காகிதத்தில் எழுதிய விடுதலை வயலில் உழைப்பவனிடம் வந்து சேர்வதற்குப் படை நடந்து வர வேண்டியிருந்தது. தென்மேற்குக் கோடியிலிருந்த டெக்சாஸ் மாநிலத்திலே ஏறத்தாழ 2,50,000 கறுப்பின மக்கள் அதன் பின்னும் இரண்டரை ஆண்டுகள் அடிமைகளாகவே பருத்தி பறித்தனர். 1865 ஜூன் 19 ஆம் நாள் தளபதி கோர்டன் கிரேஞ்சர் கல்வெஸ்டன் துறைமுகத்தில் மூன்றாம் இலக்கக் கட்டளையை வெளியிட்ட பின்னரே அவர்களுடைய விடுதலை அங்கு நடைமுறைக்கு வரத் தொடங்கிற்று.

அந்தக் கட்டளையை ஊன்றி நோக்குதல் வேண்டும். முன்னாள் எசமானருக்கும் முன்னாள் அடிமைகளுக்கும் இடையே உரிமையிற் சமத்துவம் உண்டு என்று கூறிய அதே கட்டளை, விடுதலை பெற்றோர் இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்ய வேண்டும் என்றும், படை முகாம்களிலே கூடுவதற்கு அனுமதி இல்லை என்றும், சோம்பியிருப்போருக்கு ஆதரவு கிடையாது என்றும் கூறிற்று. தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவர்களுக்கு முதல் நாளே வழங்கப்பட்ட உபதேசம் இது! வழங்கியவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால், அடுத்த ஆண்டு அந்த நாள் திரும்பி வந்தபோது அம்மக்கள் என்ன செய்தனர்? தாமாகவே கூடினர். 1866 முதல் ஜூன் 19 அவர்களுடைய விழா நாளாயிற்று. ஜூன் என்ற சொல்லும் பத்தொன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து ‘ஜூன்டீன்த்’ என்ற பெயர் மக்கள் வாயிலே பிறந்தது. எந்த அரசும் சூட்டிய பெயரன்று அது.

கூடுவதற்கு மனம் இருந்தது; இடம் எங்கே? நகரங்களின் பொது இடங்களிலே அவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. ஆற்றங்கரைகளிலும் தேவாலய வளவுகளிலும் கூடினர். பின்னர் ஒரு முடிவுக்கு வந்தனர். 1872 ஆம் ஆண்டில், அடிமைத்தளை அறுந்து ஏழே ஆண்டுகள் கழிந்த நிலையில், ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பின மக்கள் தமக்குள்ளே பணம் திரட்டிப் பத்து ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கினர். அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான ஜாக் யேட்ஸ் பாதிரியார் தாமே அடிமையாகப் பிறந்தவர். பத்து ஏக்கர் என்றால் 160 பரப்பு. கூலி உழைப்பாளரின் கையிலே நிலம் வாங்கக் காசு சேர்வது எத்துணைக் கடினம் என்பதை எமது கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர்கள் அந்நிலத்தைப் பங்கு பிரித்து வீடு கட்டவில்லை, பருத்தி விதைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளை குட்டிகளுடன் கூடி விடுதலை விழா எடுப்பதற்கென்று அதனைப் பொதுவில் வைத்தனர். விடுதலைப் பூங்கா என்றே அதற்குப் பெயரிட்டனர்.

பின்னர் அது நகரசபையின் பொறுப்புக்கு வந்தது. 1940 வரை ஹூஸ்டனிலே கறுப்பின மக்களுக்குத் திறந்திருந்த ஒரே பொதுப் பூங்கா அதுவே. அதன் ஓரமாகச் செல்லும் வீதிக்கோ, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னகப் படையின் அதிகாரி டௌலிங் என்பாரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. விடுதலை விழாவுக்குப் போகும் குழந்தை, அடிமைத்தனத்தின் காவலன் பெயர் தாங்கிய வீதியால் நடந்து போக வேண்டிய நிலை! 2017 ஆம் ஆண்டிலே, மூன்று கோடியே முப்பது இலட்சம் டொலர் செலவில் பூங்கா புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் அவ்வீதியும் விடுதலை வீதியாயிற்று. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அந்த மக்கள் தமது வடத்தை விடாது பிடித்திருந்ததன் பயன் அது.

அந்த விழாவிலே என்ன நடைபெறும்? விடுதலைப் பிரகடனத்தை உரத்து வாசிப்பார்கள். வழிபாடு நடக்கும், பாடல் ஒலிக்கும், பந்தாட்டமும் குதிரை விளையாட்டும் இருக்கும். நெருப்பில் வாட்டிய இறைச்சியும் வத்தகப்பழமும் சிவப்புப் பானமும் பரிமாறப்படும். சிவப்பு நிறம் முன்னோர் சிந்திய குருதியை நினைவூட்டுவது என்று பெரியோர் சொல்லிக் கொடுப்பர். எல்லோரும் தம்மிடமுள்ள மிக நல்ல ஆடையை உடுத்தி வருவர். அடிமைக் காலத்திலே கறுப்பினத்தவர் இன்ன தரத்துத் துணியைத்தான் உடுத்தலாம் என்று சட்டமே இயற்றிய இடங்கள் இருந்தன என்பதை அறிந்தால், அந்தப் புத்தாடையின் பொருள் விளங்கும். ஏன் இந்த உணவு, ஏன் இந்த உடை என்று குழந்தை கேட்கிறது. பாட்டி விடை கூறுகிறாள். பாடநூல் கைவிட்ட பாடம் அந்த இடத்திலே நடந்தேறிவிடுகிறது. வரலாறு கற்பித்தலில் இதனினும் சிறந்த முறை எது என்று களியாட்டம் எனக் கூறுவோர் எமக்குச் சொல்லட்டும்.

பிள்ளைகளை முன்னிறுத்தும் இந்த நோக்கம் சிக்காகோ நகரிலே இன்னும் துலக்கமாகக் காணப்படுகிறது. அங்கு ரொபேர்ட் அபொட் என்பவர் 1905 ஆம் ஆண்டில் ‘சிக்காகோ டிபெண்டர்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். புகையிரதப் பணியாளர்கள் தென்மாநிலங்களுக்குச் சுமந்து சென்ற அப்பத்திரிகை, அங்கு வாடிய மக்களுக்கு வடநகரங்களின் வாழ்வைக் காட்டிற்று. அதில் சிறுவர் பகுதி ஒன்று இருந்தது. ‘பட் பிலிக்கன்’ என்ற கற்பனைப் பெயரைச் சூடிச் சிறுவர் கழகமும் எழுந்தது. 1929 ஆம் ஆண்டில் அச்சிறுவர்களுக்காகவும் பத்திரிகை விற்ற பையன்களுக்காகவும் அபொட் ஓர் ஊர்வலம் நடத்தினார். அந்த ஊர்வலம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்திலே, பாடசாலைகள் மீண்டும் திறக்குமுன், நகரின் தென்பகுதி வீதிகளில் நடைபெற்று வருகிறது. வாத்தியக் குழுக்களும் நடனக் குழுக்களும் அணிவகுக்கப் பல்லாயிரம் குடும்பங்கள் வீதியோரம் அமர்ந்து பார்க்கின்றன. கொப்பிகளும் புத்தகப் பைகளும் பிள்ளைகளுக்கு வழங்கப்படுகின்றன. வரலாற்றையும் கல்வியையும் கொண்டாட்டத்தையும் ஒரே கயிற்றில் திரித்த விழா அது.

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எமக்கு மற்றொரு செய்தியும் அதில் உண்டு. ‘சிக்காகோ டிபெண்டர்’ 2019 ஜூலை மாதத்துடன் அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. அச்சியந்திரம் ஓய்ந்தது, ஆனால், அது தொடக்கிவைத்த ஊர்வலம் ஓயவில்லை. ஓர் ஏடு தன் மக்களுக்கு விட்டுச் செல்லக்கூடிய சொத்து இதனினும் பெரிதாக என்ன இருக்க முடியும்?

அட்லாந்திக் கடலுக்கு அப்பால், லண்டன் மாநகரிலும் ஒரு பத்திரிகையாளரின் கையே இத்தகைய விளக்கை ஏற்றிற்று. 1958 ஆம் ஆண்டு நொட்டிங்ஹில் பகுதியிலே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல்கள் தாக்கின. அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு லண்டனில் வாழ்ந்த திரினிடாட் நாட்டுப் பெண்மணி குளோடியா ஜோன்ஸ் அப்போது ‘வெஸ்ட் இந்தியன் கசெட்’ பத்திரிகையை நடத்தி வந்தார். தாக்குண்ட மக்கள் கதவடைத்து உள்ளே ஒடுங்குவதை அவர் விரும்பவில்லை. 1959 ஜனவரி 30 ஆம் நாள், சென் பங்கிராஸ் நகர மண்டபத்திலே கரீபியன் திருவிழா ஒன்றை நடத்தினார். கலவரத்தை ஒட்டிக் குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞர்களின் அபராதத்தைச் செலுத்துவதற்கும் அதன் வருவாயில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1966 இல் ரோன் லாஸ்லெட் என்ற மாதரசி அதே நொட்டிங்ஹில் பகுதிப் பிள்ளைகளுக்காக நடத்திய தெருவிழாவிலிருந்து இன்றைய பெருந்திருவிழா வளர்ந்தது. ஆகஸ்ட் இறுதியில் நடைபெறும் அத்திருவிழாவின் ஞாயிற்றுக்கிழமை இன்றும் சிறுவர்க்கும் குடும்பங்களுக்கும் உரிய நாளாகப் பேணப்படுகிறது. அடிபட்ட வீதியிலேயே ஆடிப் பாடி நடப்பதைக் கோழைத்தனம் என்பதா, பகைமை என்பதா? அதுவே ஆண்மை, அதுவே அறம்.

விழாவுக்கு உள்ளீடு வேண்டும் என்பதையும் அம்மக்களின் அறிஞர்கள் மறக்கவில்லை. அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, 1912 ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற கார்ட்டர் வூட்சன், 1915 இல் தமது மக்களின் வரலாற்றை ஆராயும் சங்கத்தை நிறுவினார். ஆராய்ச்சி அறிஞருடன் நின்றுவிடலாகாது என்று கருதி 1926 பெப்ரவரியில் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ ஒன்றைத் தொடக்கினார். பள்ளிகளும் தேவாலயங்களும் மன்றங்களும் அதனை ஏற்று நடத்தின. ஐம்பது ஆண்டுகள் மக்கள் நடத்திய பின்னரே, 1976 இல் ஜனாதிபதி ஜெரல்ட் போர்ட் பெப்ரவரி முழுவதையும் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொள்ளுமாறு நாட்டைக் கேட்டுக்கொண்டார். முதலில் மக்கள், பின்னரே அரசு.

ஜூன்டீன்த் விழாவின் கதையும் இதுவே. நடுவிலே அது தளர்ந்தது. இன வேற்றுமைக் கொடுமையும் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட புலப்பெயர்வும் அதனை மெலியச் செய்தன. ஆனால், ஊர் விட்டுப் போனவர்கள் விழாவையும் மூட்டையிற் கட்டிக் கொண்டு போயினர். 1968 ஆம் ஆண்டின் ஏழை மக்கள் இயக்கம் வாஷிங்டனில் ஜூன் 19 ஆம் நாளையே ஒருமைப்பாட்டு நாளாக்கியபின் அது புத்துயிர் பெற்றது. மில்வாக்கி நகரில் 1971 முதல் வீதி விழாவாக எழுந்தது. டெக்சாஸ் மாநிலம் 1979 இல் சட்டமியற்றி 1980 முதல் அதனை விடுமுறையாக்கிற்று.

நாடு முழுவதற்கும் அது விடுமுறையாக வேண்டும் என்று உழைத்தவர்களுள் ஓபல் லீ அம்மையாரின் பெயர் முதன்மையானது. 1939 ஆம் ஆண்டு, அதே ஜூன் 19 ஆம் நாளில், போர்ட்வேர்த் நகரிலே அவருடைய பெற்றோர் புதிதாக வாங்கிய வீட்டை வெள்ளைக் கும்பல் ஒன்று சூறையாடிற்று. அப்போது அவருக்கு வயது 12. பின்னாளில் ஆசிரியையாகப் பணியாற்றிய அவர், 2016 ஆம் ஆண்டில், 89 வயதிலே, வாஷிங்டனை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார். நகரந்தோறும் இரண்டரை மைல் நடந்தார். விடுதலை வந்து சேரப் பிடித்த இரண்டரை ஆண்டுகளின் அடையாளம் அது. 2021 ஜூன் 17 ஆம் நாள் அவர் அருகிருக்க ஜனாதிபதி பைடன் அச்சட்டத்திற் கையொப்பமிட்டார். அது பிரதிநிதிகள் சபையில் 415 வாக்குகளுக்கு எதிராக 14 வாக்குகளே பெற்று எதிர்க்கப்பட்டது. மூதவையில் எதிர்ப்பே இல்லை. சூறையாடப்பட்ட வீடு நின்ற அதே நிலத்தில் 2024 இல் அவருக்குப் புதிய வீடும் எழுந்தது.

வெற்றி கிட்டியது. வெற்றியோடு ஆபத்தும் வந்தது. அரசின் முத்திரை விழுந்தவுடன் வணிகர் ஓடி வந்தனர். 2022 இல் வால்மார்ட் நிறுவனம் ஜூன்டீன்த் பெயரிலே ஐஸ்கிறீம் விற்கப் புறப்பட்டு, மக்களின் கண்டனத்தைக் கண்டு மீளப் பெற்றது. பெரிய நிறுவனங்களின் நன்கொடையால் மேடைகள் உயர்ந்தன, செலவும் உயர்ந்தது. பின்னர் காற்றுத் திசை மாறிற்று. 2025 ஜனவரி இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், கறுப்பின வரலாற்று மாதம் போன்ற நிகழ்வுகளுக்கு அரச வளங்களைச் செலவிடலாகாது என்று பணித்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்திலே, ஸ்மித்சோனியன் நூதனசாலைகள் வரலாற்றைக் காட்டும் விதத்தைத் திருத்துமாறு ஜனாதிபதி ட்ரம்ப் ஆணை பிறப்பித்தார். தேசியப் பூங்காக்களிலே கட்டணமின்றி நுழையும் 2026 ஆம் ஆண்டு நாட்களின் பட்டியலிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் நாளும் ஜூன்டீன்த் நாளும் நீக்கப்பட்டன. ஜனாதிபதியின் பிறந்தநாளுமான ஜூன் 14 கொடி நாள் சேர்க்கப்பட்டது. நன்கொடை அளித்த நிறுவனங்களும் மெல்ல நழுவின. டென்வர் நகரில் இரண்டு நாள் நடைபெற்ற ஜூன்டீன்த் இசைவிழா, 2025 இல் ஒரு நாளாகச் சுருங்கிற்று.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதையை எமது முன்னோர் வீணாகச் சொல்லி வைக்கவில்லை. அரசின் அங்கீகாரம் வேண்டாமென்று நாம் கூற வரவில்லை. அது குடிமக்களின் உரிமை. வரி செலுத்துவோர் தமது வரலாறும் பொது வரலாற்றில் இடம் பெற வேண்டுமென்று கேட்பது நீதியே. அதனைப் பறிப்பது அநீதி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், அங்கீகாரம் என்பது தேரின் மேற்கட்டிய அலங்காரச் சீலை. காற்றடித்தால் அது பறக்கும். வடம் வேறு. 1872 இல் கூலிப் பணத்திற் காசு சேர்த்தவர்கள் பிடித்தது வடம். 1929 இல் பத்திரிகை விற்ற பையன்கள் பிடித்தது வடம். அவர்களுக்கு எந்த நிறுவனமும் மேடை போட்டுக் கொடுக்கவில்லை. டென்வரிலும் விழா சுருங்கியதேயன்றி நின்றுவிடவில்லை. அதை நடத்தியவர்கள் கைவிடவில்லை என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இவ்விழாக்கள் நாட்டைப் பிளக்கின்றன என்ற குற்றச்சாட்டுக்கும் விடை கூறிவிடுகிறோம். நாட்டைப் பிளந்தது அடிமை முறை; பிளந்து வைத்தவை வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிய பலகைகள். புண்ணைக் காட்டுபவன் புண்ணை உண்டாக்கியவன் ஆகான். பொதுப் பூங்காவிலே, பகற்பொழுதிலே, எவரும் வரலாம் என்று வாயிலைத் திறந்து வைத்து, உணவும் இசையும் பகிரும் விழா பிரிவினையின் பாசறையாவது எங்ஙனம்? மறைக்கப்பட்ட வரலாறே மனத்திற் புகையும். எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்ட வரலாறு ஆறும்.

எமது வாசகர்களுட் பலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். அவர்களுக்கு இது தொலைதூரத்துக் கதையன்று. ரொறன்ரோவின் கரீபியன் திருவிழா 1967 முதல் அந்நகரின் வீதிகளில் நடந்து வருகிறது. கனடாப் பாராளுமன்றம் பெப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாக ஏற்றது 1995 டிசம்பரில்; அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அப்பாராளுமன்றத்திற்குத் தெரிவான முதற் கறுப்பினப் பெண்மணி ஜீன் ஒகஸ்டின். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அதே பாராளுமன்றம் ஏற்றது 2016 இல். எவர் முன்னே நடந்து பாதை பதித்தனர் என்பது இதனாலேயே விளங்கும். பாதை பதித்தவரின் விழாவுக்குப் பின்னே வந்தவர் பிள்ளைகளுடன் சென்று மரியாதை செய்தல் நன்றியறிதல். அங்கு வாழும் எம்மவர் தமது பிள்ளைகளை அயலவரின் ஊர்வலத்துக்கு அழைத்துச் சென்று, அது ஏன் நடக்கிறது என்பதைத் தம் வாயாற் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். தைத் திங்களிலே தாம் எடுக்கும் விழாவும் அரசியல்வாதிகளின் வாழ்த்துரையோடும் நிறுவனங்களின் விளம்பரத்தோடும் முடிந்துவிடலாகாது; பாட்டன் பேசவும் பேரன் கேட்கவும் அதிலே நேரம் இருத்தல் வேண்டும்.

ஆட்சிகள் வரும், போகும். நன்கொடையாளர் இன்று கொடுப்பர், நாளை மறுப்பர். விடுமுறைப் பட்டியல்களிலே நாட்கள் சேரும், நீங்கும். ஒரு தாய் தன் குழந்தைக்கு நல்ல சட்டை அணிவித்து, கைபிடித்து வீதிக்கு அழைத்து வந்து, இது நம்முடைய நாள் என்று காட்டுவதை மட்டும் எந்தக் கட்டளையாலும் நிறுத்த முடியாது. அக்குழந்தையின் கை வடத்திலே பட்டுவிட்டால் தேர் நிலைக்கு வந்தே தீரும்.